வேகத்தைக் கூட்டினால் ஹெட்லைட் விட்டு விட்டு எரிகிறது, ஒலியும் மெலிந்து கேட்கிறது: உதவி தேவை

முத்தியால்பேட்டை மீட்டர்கேஜ் எழுதியது:

வணக்கம். மூன்று நாட்களாக ஒரு பொம்மை என்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

என்ஜின் ஹெச்ஓ அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) வந்த அமெரிக்க ஆல்கோ கம்பெனி டீசல். நம் மீட்டர்கேஜில் ஓடிய பழைய ஒய்டிஎம்-4 டீசல் போல நானே வண்ணம் அடித்து வைத்திருக்கிறேன். கேஜ் (தண்டவாள இடைவெளி) கணக்குப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 87-இல் ஒரு பங்கு என்றால் மீட்டர் பாதைக்கு 11.5 மி.மீ. வர வேண்டும், நம் அகலப் பாதைக்கு 19.3 மி.மீ. வர வேண்டும். என் தண்டவாளம் 16.5. இரண்டிலும் சேராத கேஜ். என்ன செய்வது, கிடைத்தது அதுதான்.

அப்பா ஒரு காலத்தில் கடலூர் முதுநகரிலிருந்து விருத்தாசலத்துக்கு மீட்டர்கேஜ் வண்டியில் வேலைக்குப் போய்வந்தவர். அந்த ஆல்கோவின் உறுமலை வீட்டில் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒலி டிகோடர் (கைக்கருவியின் கட்டளையைப் படித்து மோட்டார், விளக்கு, ஒலியை இயக்கும் சிறு மின்பலகை) வாங்கினேன். 8 முனை சாக்கெட்டில் மாட்டினேன். அழுக்குத் தண்டவாளத்தில் ஒலி அறுபடாமல் இருக்க ஒரு கெபாசிட்டரும் சேர்த்தேன். முன்விளக்கு வெள்ளை எல்இடி.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. இப்போது இரண்டு தொல்லைகள்.

ஒன்று, ஹெட்லைட். கைக்கருவியில் விளக்குக்கான எஃப்0 விசையை அழுத்தினால் எரிவதில்லை. ஆனால் என்ஜின் ஓடும்போது தானாக எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. வேகத்தை ஏற்றும்போது கண் சிமிட்டுவது போலவே இருக்கிறது.

இரண்டு, ஒலி. ஹாரன், பிரேக், என்ஜின் எல்லாம் கேட்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோ போல மெலிந்து கேட்கின்றன. அடிக்குரலே இல்லை.

---

நெல்லித்தோப்பு நிழல் எழுதியது:

தண்டவாளத்தைத் துடைத்தீர்களா? கடலிலிருந்து உங்கள் தெரு எத்தனை தூரம்? நம் ஊர் உப்புக் காற்றில் நிக்கல் சில்வர் தண்டவாளமே ஒரு வாரத்தில் கறுத்துப்போகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பழைய பனியன் துணியில் நனைத்து, தண்டவாளத்தையும் எல்லாச் சக்கரங்களையும் துடையுங்கள். விளக்குச் சிமிட்டலில் பத்துக்கு ஒன்பது அழுக்குதான்.

---

முத்தியால்பேட்டை மீட்டர்கேஜ் எழுதியது:

துடைத்துவிட்டேன் அண்ணா. துணியில் கரி போல வந்தது. சக்கரங்களையும் விடவில்லை. சிமிட்டல் அப்படியே இருக்கிறது.

---

சாலிடர் சித்தப்பா எழுதியது:

வெள்ளை வயரிலோ நீல வயரிலோ சாலிடர் விட்டிருக்கும். என்ஜின் நகரும்போது அதிர்ந்து தொடுவதும் விடுவதுமாக இருக்கும். மேற்கூட்டைக் கழற்றி, ஓடும்போதே வயரை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் சிவி 8-இல் (சிவி என்பது டிகோடருக்குள் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடம்) 8 என்று எழுதுங்கள். பல டிகோடர்களில் அது எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஒரே போடு, தீர்ந்தது.

---

புலியூர் பாயிண்ட்ஸ்மேன் எழுதியது:

சித்தப்பா, அந்த ஒரே போடு கொஞ்சம் பொறுக்கட்டும். ரீசெட் செய்தால் முகவரி, அதாவது கருவி இந்த என்ஜினைக் கூப்பிடும் எண், 3-க்குத் திரும்பிவிடும், தம்பி மாற்றி வைத்த விளக்கு, ஒலி அமைப்புகளும் போய்விடும். குறையும் மறைந்துவிடும், ஏன் வந்தது என்று மட்டும் தெரியாது. அடுத்த முறை அதே தப்பைச் செய்து அதே இடத்தில் வந்து நிற்பார்.

அழுக்கும் இல்லை என்றே நினைக்கிறேன். தம்பி, விளக்கு அணையும் நொடியில் என்ஜின் ஒலி தடைபடுகிறதா? மின்சாரம் விட்டுப்போனால் ஒலியும் அறுந்து, டிகோடர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கெபாசிட்டர் அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்கிறது என்றால் விளக்கையும் சேர்த்துத்தான் தாங்கும். ஒலி நிற்காமல் விளக்கு மட்டும் அணைகிறது என்றால், டிகோடரே அதை அணைக்கிறது என்று பொருள்.

ஒரு வேலை செய்யுங்கள். கைக்கருவியில் வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, விளக்கு எரிகிறதா, வேகம் கூடியதா என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எட்டுப் படி போதும். கருவியில் எத்தனை வேகப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

---

முத்தியால்பேட்டை மீட்டர்கேஜ் எழுதியது:

ஐயா, கருவியில் 28 படி. ஒலி ஒரு நொடிகூட அறுபடவில்லை. எழுதி வைத்ததைப் பார்த்து எனக்கே வியப்பாக இருந்தது.

படி 1: நகர்ந்தது, விளக்கு இல்லை. படி 2: வேகம் அதேதான், விளக்கு எரிந்தது. படி 3: வேகம் கூடியது, விளக்கு அணைந்தது. படி 4: அதே வேகம், விளக்கு எரிந்தது. எட்டு வரை இப்படியே போகிறது. இரட்டைப் படையில் வெளிச்சம், ஒற்றைப் படையில் இருட்டு. அழுக்குக்கு எண்ணத் தெரியாது என்பது மட்டும் புரிகிறது.

---

புலியூர் பாயிண்ட்ஸ்மேன் எழுதியது:

பிடித்துவிட்டோம். உங்கள் கருவி 28 படியில் பேசுகிறது, டிகோடர் 14 படியில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

டிசிசி-யில், அதாவது நாம் ஓட்டும் இந்த டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில், தண்டவாளத்தில் ஓடுவது வெறும் மின்சாரம் அல்ல. அதுவே செய்தியும். வேகக் கட்டளையில் ஐந்து பிட்டுகள் (0 அல்லது 1 என்று நிற்கும் இடங்கள்) இருக்கின்றன. தொடக்க காலத்து 14 படி முறையில் நான்கு பிட் வேகத்துக்கு, ஐந்தாவது பிட் ஹெட்லைட்டுக்கு. பிறகு 28 படி வந்தபோது, அந்த ஐந்தாவது பிட்டையே வேகத்துக்கு எடுத்துக்கொண்டு, விளக்கைத் தனிக் கட்டளைக்கு மாற்றிவிட்டார்கள். உங்கள் கருவி படி 1-லிருந்து 2-க்குப் போகும்போது அந்த ஐந்தாவது பிட்டை மட்டும் ஏற்றுகிறது. டிகோடர் அதைப் பழைய பாஷையில் 'விளக்கை ஏற்று' என்று புரிந்துகொள்கிறது. படி 3-இல் அது இறங்கி, மற்ற நான்கு பிட்டுகள் காட்டும் எண்ணில் ஒன்று கூடுகிறது. விளக்கு அணைந்து வேகம் கூடுகிறது. எஃப்0 ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதிலேயே அடக்கம். தனியாக வரும் விளக்குக் கட்டளையை 14 படி முறையில் டிகோடர் பொருட்படுத்துவதில்லை.

(இதற்கு நேர்மாறாகக் கருவி 14-இலும் டிகோடர் 28-இலும் இருந்தால் விளக்கு எரியவே எரியாது. அப்படி மாட்டிக்கொண்டு எல்இடி எரிந்துபோனது என்று நினைத்து மூன்று எல்இடி மாற்றியவன் நான். அதனால்தான் இதை இவ்வளவு நன்றாகத் தெரியும்.)

இந்தப் படி முறை இருக்குமிடம் சிவி 29. அதில் சமீபத்தில் ஏதாவது எழுதினீர்களா?

---

முத்தியால்பேட்டை மீட்டர்கேஜ் எழுதியது:

எழுதினேன் ஐயா. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முகவரி 3 பிடிக்காமல் 6505 என்று மாற்றினேன். ஒரு வீடியோவில் சொன்னபடி கணக்கும் போட்டேன். 6505-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 25, மீதி 105. ஈவோடு 192 கூட்டி சிவி 17-இல் 217, மீதியை அப்படியே சிவி 18-இல் 105. பிறகு நீண்ட முகவரிக்கு சிவி 29-இல் 32. முகவரி சரியாக வேலை செய்கிறதே என்று அந்தப் பக்கமே நான் யோசிக்கவில்லை.

---

புலியூர் பாயிண்ட்ஸ்மேன் எழுதியது:

17-ம் 18-ம் சரி. வகுத்தல் கணக்கில் குறையில்லை, கூட்டல் கணக்கில்தான் கோட்டைவிட்டீர்கள். 32 எழுதச் சொல்லியிருக்க மாட்டார்கள், இருப்பதோடு 32 கூட்டச் சொல்லியிருப்பார்கள்.

சிவி 29-ஐ ஒரு எண்ணாகப் பார்க்காதீர்கள். வீட்டுச் சுவிட்சுப் பலகையாகப் பாருங்கள். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு மதிப்பு. 1 என்பது திசையைப் புரட்டுவது. 2 என்பது 28 அல்லது 128 படி. 4 என்பது சாதாரண நேர்மின் தண்டவாளத்திலும் ஓட அனுமதி. 32 என்பது நீண்ட முகவரி. போட்டிருக்கும் சுவிட்சுகளின் மதிப்பைக் கூட்டினால் வருவதே சிவி 29. பெட்டியிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் 6 இருக்கும், அதாவது 2-ம் 4-ம். நீங்கள் 32 போட்டதும் அந்த இரண்டு சுவிட்சும் அணைந்துவிட்டன. 38 எழுதுங்கள்.

இன்னொரு கேள்வி. 4-ம் அணைந்திருப்பதால், டிசிசி இல்லாத தண்டவாளத்தில் இந்த என்ஜின் அசையக்கூடாது. அப்படி எங்காவது வைத்துப் பார்த்தீர்களா?

---

முத்தியால்பேட்டை மீட்டர்கேஜ் எழுதியது:

ஐயா, நீங்கள் சோதிடம் பார்ப்பீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவனிடம் இருப்பது பழைய டிரான்ஸ்பார்மர் வைத்த நேர்மின் தண்டவாளம். டிகோடர் மாட்டிய புதிதில் அங்கே நன்றாக ஓடியது. இந்த முறை ஒரு முனகல்கூட இல்லை. அவன் டிரான்ஸ்பார்மர் கெட்டுவிட்டது என்று சொல்லி, பாவம், அவனை அதைப் பிரிக்கவும் வைத்துவிட்டேன்.

இப்போது வேறு சிக்கல். 38 எழுதுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் படித்துப் பார்க்கலாம் என்று புரோகிராமிங் தண்டவாளத்தில் (சிவி-களைப் படிக்கவும் எழுதவும் தனியாக வைத்த துண்டு) வைத்தேன். 'பதில் இல்லை' என்றே வருகிறது.

---

சாலிடர் சித்தப்பா எழுதியது:

இது என் பேட்டை, நான் சொல்கிறேன். கெபாசிட்டரைக் கழற்றுங்கள்.

புரோகிராமிங் தண்டவாளத்தில் டிகோடருக்கு வாய் கிடையாது. 'ஆம்' என்று சொல்ல மோட்டாரை ஒரு கணம் தட்டி, சுமார் 6 மில்லி விநாடிக்குக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். அந்தத் துள்ளலைத்தான் கருவி பதிலாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் கெபாசிட்டர் அந்த நேரத்தில் பசியோடு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தால் துள்ளல் எங்கே தெரியும்? மோட்டார் வயர் இணைப்பில் இல்லாவிட்டாலும் இதே கதைதான்.

அப்படியே ஒலிக்கும் வருகிறேன். ஸ்பீக்கரை எப்படிப் பொருத்தினீர்கள்?

---

முத்தியால்பேட்டை மீட்டர்கேஜ் எழுதியது:

இரட்டைப் பக்க ஒட்டுநாடாவில் மேற்கூட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன் சித்தப்பா. பின்பக்கம் திறந்தபடி இருக்கிறது.

---

சாலிடர் சித்தப்பா எழுதியது:

அதுதான் காரணம். ஸ்பீக்கர் தாள் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்பக்கக் காற்று விளிம்பைச் சுற்றி வந்து முன்பக்க ஒலியைத் தின்றுவிடுகிறது. அதிலும் அடிக்குரல்தான் முதலில் போகும். பின்னால் ஒரு பெட்டி வேண்டும், ஊசிமுனை ஓட்டைகூட இல்லாமல். மாத்திரை டப்பாவின் பிளாஸ்டிக் மூடி அளவுக்குச் சரியாக வந்தால் அதுவே போதும். வயர் நுழையும் இடத்தையும் பசையால் அடைத்துவிடுங்கள். ஒலி அளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், ஸ்பீக்கர்தான் கிழியும்.

---

நெல்லித்தோப்பு நிழல் எழுதியது:

அழுக்கு என்று முதலில் சொன்னது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துணியில் கரி வந்ததா இல்லையா?

---

முத்தியால்பேட்டை மீட்டர்கேஜ் எழுதியது:

வந்தது அண்ணா, வந்தது. துடைத்தது வீண் போகவில்லை.

இன்று மாலை நடந்தது இது. கெபாசிட்டரின் இரண்டு வயரையும் எடுத்துவிட்டுப் படித்தேன். என்ஜின் நின்ற இடத்திலேயே லேசாக ஒரு துடிப்புத் துடித்தது. உறக்கத்தில் குழந்தையின் விரல் அசையுமே, அந்த அளவுதான். திரையில் 32. மூன்று நாள் திட்டியதெல்லாம் அந்த எண்ணைத்தான் திட்டியிருக்க வேண்டும். 38 எழுதினேன், மறுபடி படித்தேன், 38 என்றே காட்டியது. கெபாசிட்டரைத் திரும்ப இணைத்தேன். எஃப்0 அழுத்தினால் எரிகிறது, அழுத்தினால் அணைகிறது. 28 படியும் 28 வேகமாக வருகின்றன. மஞ்சக்குப்பத்து நண்பனிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அவனுடைய டிரான்ஸ்பார்மரைத் திரும்பப் பூட்டும் வேலை என் தலையில்.

ஒரு சின்னச் சந்தேகம். மேலே ஆரஞ்சு நிற பிளாஷர் விளக்கு ஒன்று வைக்க ஆசை. பச்சை வயர் சும்மா இருக்கிறது. அதில் கொடுக்கலாமா?

---

சாலிடர் சித்தப்பா எழுதியது:

கொடுக்கலாம். நீல வயர் பொது நேர்முனை, எல்இடி-யின் நீளக் கால் அதற்கு. குட்டைக் கால் ரெசிஸ்டர் வழியாகப் பச்சைக்கு. 15 வோல்ட் வருகிறது, ஆரஞ்சு எல்இடி 2 வோல்ட் எடுக்கும், மீதி 13. ஒரு கிலோ ஓம் போட்டால் 13 மில்லி ஆம்பியர். அது கண்ணைக் குத்தும். 2.2 கிலோ ஓம் போடுங்கள், பார்க்க உண்மையாக இருக்கும். ரெசிஸ்டர் இல்லாமல் 'ஒரு தடவை சோதித்துப் பார்க்கிறேன்' என்று மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

---

புலியூர் பாயிண்ட்ஸ்மேன் எழுதியது:

வைத்த பிறகு அதை எப்போதும் மின்ன விடாதீர்கள் தம்பி. பிளாஷர் அலங்காரம் அல்ல. வண்டி தடம் புரண்டாலோ, திடீரென்று காற்றழுத்தம் குறைந்து நின்றாலோ, எதிரே வரும் வண்டியை நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை. சிமிட்டல் விளைவை டிகோடரிலேயே அமைத்து, தனி விசையில் வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக் காட்சி வைக்கும் நாளில் பயன்படும்.

---

முத்தியால்பேட்டை மீட்டர்கேஜ் எழுதியது:

ஸ்பீக்கர் பெட்டியும் முடிந்தது. அம்மாவின் கால்சியம் மாத்திரை டப்பா ஒன்று மூடியை இழந்தது. பசை காயும் வரை பொறுமையில்லாமல் இரண்டு தடவை தொட்டுப் பார்த்து விரலை ஒட்டிக்கொண்டேன். ஆனால் ஒலி! மேசைப் பலகை வரை அதிர்கிறது.

அப்பாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். என்ஜின் சூடேறி உறுமும் இடத்தில் தலையை ஆட்டினார். ஹாரன் அடித்ததும் கண்ணைத் திறந்துவிட்டார். "வண்டி நம்ம வண்டிதான். சங்கு யாருடையது?" என்றார்.

ஐந்து குழல் அமெரிக்கச் சங்கு ஐயா. அதை மட்டும் மாற்ற முடியுமா?

---

புலியூர் பாயிண்ட்ஸ்மேன் எழுதியது:

உங்கள் டிகோடரில் ஒலிக்கோப்பைக் கணினி வழியாக ஏற்ற வசதி இருந்தால் முடியும். அதற்குத் தனிக் கருவி வேண்டும், என்னிடம் ஒன்று இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் வந்தால் தகவல் சொல்லுங்கள். வரும்போது அப்பாவையும் அழைத்து வாருங்கள், சங்கை அவரே பார்த்துச் சொல்லட்டும்.