கரப்பான், எக்ஸிமா: எந்தக் கேள்விக்கு உங்களுக்கு விடை வேண்டும்?

செந்தூல் அம்மா:
மகனுக்கு எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு அரிக்கும் கரப்பான் நோய். கோலாலம்பூரில் அவனைத் தோல் மருத்துவரிடம் காட்டினேன். முழங்கை மடிப்பைப் பார்த்து முடித்ததும், "இந்த நோயில் உங்கள் மனதை அரிக்கிற கேள்வி எதும்மா?" என்று கேட்டார். எந்த டாக்டரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அரிப்பையும் அழற்சியையும் அடக்கும் ஸ்டீராய்டு கிரீமை எவ்வளவு காலம் பூசலாம்? தினமும் குளிப்பாட்டலாமா? கத்தரிக்காய், கருவாடு, இறால் எல்லாம் கரப்பான் பண்டம் என்று மாமியார் தடுக்கிறாரே, நிறுத்தத்தான் வேண்டுமா?

இங்கிலாந்தில் 2012 வாக்கிலேயே நோயாளிகளையும் பெற்றோரையும் மருத்துவர்களையும் கேட்டு, எக்ஸிமாவில் எதை முதலில் ஆராய வேண்டும் என்று பட்டியல் போட்டார்களாம். ஸ்டீராய்டைப் பூசும் முறை, அதன் நீண்டகாலப் பாதுகாப்பு, உணவு ஒவ்வாமைச் சோதனை, எந்த ஈரப்பதக் கிரீம் நல்லது என்பவை அதில் முன்னால் நின்றன. குளிக்கும் முறையும் இருந்தது. நான் கேட்டதும் அதேதான்!

பட்டியலில் இருந்து ஆய்வுகளும் வந்தன. 2022இல் வெளியான ஒன்றில் 550 பிள்ளைகளுக்கு லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கும் ஒரே அளவில்தான் வேலை செய்தன. அப்படியானால் பிள்ளை அழாமல் பூசிக்கொள்வதே நல்லது. ஆயின்ட்மென்ட் பூசினால் என் மகனுக்கு வியர்த்து ஊற்றும், எரிச்சலில் கத்துவான். இப்போது லோஷன்தான், எனக்கும் நிம்மதி. குளிக்கும் தண்ணீரில் ஊற்றும் எண்ணெயை 482 பிள்ளைகளிடம் சோதித்து, கூடுதல் பலன் இல்லை என்று 2018இல் சொல்லிவிட்டார்கள்.

வாரத்துக்கு ஓரிரு முறை குளித்தாலும் தினமும் குளித்தாலும் எக்ஸிமாவில் வித்தியாசம் இல்லை என்றும் அங்கே ஓர் ஆய்வு சொல்கிறது. சரி, ஆனால் அது குளிர்நாடு. பாலர் பள்ளி விட்டு நனைந்த சட்டையோடு வரும் பிள்ளையை இங்கே குளிக்காமல் எப்படி விடுவது? வியர்வை, புகைமூட்டம், இரவெல்லாம் ஏர்கோன், இவை தோலை என்ன செய்கின்றன என்று நம் ஊரில் யாராவது ஆராய வேண்டும். நம்மிடமும் கேட்க வேண்டும்.

பட்டர்வொர்த் அண்ணன்:
என் கேள்வி நிறத்தைப் பற்றியது. நான் நல்ல கறுப்பு. ஒரு கிளினிக்கில் "சிவப்பே இல்லையே, லேசானதுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். அரிப்பில் ராத்திரி தூக்கமே இல்லை. பினாங்கில் பிறகு பார்த்த தோல் டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார். கறுத்த தோலில் அழற்சி பழுப்பாக, ஊதாவாக, சாம்பலாகத் தெரியும், தடிப்பைத் தொட்டுத்தான் அறிய வேண்டும் என்றார். ஆறிய இடம் வெளுத்திருந்ததைக் கண்டு, கிரீம்தான் வெளுக்க வைத்தது என்று அம்மா பயந்தார். நோயே அப்படித் தடம் விட்டுப் போகும், நிறம் மெல்லத் திரும்பும் என்று டாக்டர் விளக்கினார். நோயின் கடுமையை அளக்கும் முறைகள் சிவப்பை வைத்தே மதிப்பெண் போட்டால், நம்மைப் போன்றவர்களின் வேதனை கணக்கில் குறைந்துதானே போகும்? இதைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்பேன்.

இன்னொன்று. மனைவி மாசமாக இருக்கிறாள். பிள்ளைக்கு வராமல் தடுக்க வழி உண்டா?

பிரிக்பீல்ட்ஸ் பார்மசி தங்கை:
அண்ணே, குடும்பத்தில் எக்ஸிமா, ஆஸ்துமா போன்ற ஒவ்வாமைத் தொல்லை உள்ள 1,394 பச்சிளங்குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் பார்த்தார்கள். முதல் வருடம் முழுக்கத் தினமும் ஈரப்பதக் கிரீம் பூசியும் எக்ஸிமாவைத் தடுக்க முடியவில்லை. 2020இல் வந்த முடிவு. உறுதியான தடுப்பு வழி இன்னும் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை.

கடையில் நான் அடிக்கடி சந்திப்பது வேறு. லேபிள் இல்லாத "மூலிகை" டப்பாவை நீட்டி, "இரண்டே நாளில் அடங்கிடுச்சு, இதே வேணும்" என்பார்கள். எனக்கு அப்போதே பயம் வரும். இப்படிப்பட்ட கிரீம்களில் சொல்லாமல் கலந்த பீட்டாமெத்தசோன் இருப்பதை மலேசியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது வலுவான ஸ்டீராய்டு. மருந்து என்றால் பெட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும், பாருங்கள். டாக்டர் எழுதிய ஸ்டீராய்டுக்கோ அளவு உண்டு: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால், பெரியவரின் விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். செந்தூல் அக்கா, வலுவான வகையை நாளுக்கு ஒரு முறை பூசினாலே இரண்டு முறை பூசிய பலன்தான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணே, பிள்ளை பிறந்து தோல் வறண்டால் சாதாரணக் கிரீமே பூசலாம். தடுப்பு என்று சொல்லி விற்கும் விலை உயர்ந்த கிரீமுக்குக் காசு கொடுக்காதீர்கள்.