கில்ஸ்பி: இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே வந்துபோன கூட்டம்

ரயில் வந்து ஒரு இங்கிலாந்து கிராமத்தை எப்படி மாற்றியது என்று தேடுபவர்கள் முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் புரட்டுவார்கள். நானும் கில்ஸ்பிக்கு அப்படித்தான் தொடங்கினேன். நார்த்தாம்ப்டன்ஷயரில் இருக்கும் இந்த ஊருக்கு அது மட்டும் போதவே போதாது.

லண்டன்–பர்மிங்ஹாம் ரயில்பாதைக்காக 1830-களின் நடுவில் இங்கே சுமார் 2,200 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டினார்கள். சோதனைக் குழிகளில் தட்டுப்படாத புதைமணல் உள்ளே காத்திருந்தது. தண்ணீர் பீறிட்டு வந்தது. ஒப்பந்தக்காரரால் முடியாமல் போக, தலைமைப் பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சனே வேலையை ஏற்றார். 13 நீராவி இன்ஜின்களை வைத்து, நிமிடத்துக்கு 1,800 கேலன் என்று மாதக்கணக்கில் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். 99,000 பவுண்டுக்குப் பேசிய வேலை ஏறக்குறைய மூன்று மடங்கு செலவை இழுத்தது. 1838 ஏப்ரலில் இருபுறமும் ரயில் ஓடத் தொடங்கியும், இந்தச் சுரங்கம் முடியாததால் டென்பி ஹாலில் பயணிகளை இறக்கி ரக்பி வரை குதிரை வண்டியில் ஏற்றிப் போனார்கள். செப்டம்பரில்தான் பாதை முழுதாகத் திறந்தது.

வேலை மும்முரமாக நடந்தபோது 1,250 பேர் வரை இருந்தார்களாம். ஒரு சின்ன ஊருக்கு அது எவ்வளவு பெரிய கூட்டம்! ஆனால் கணக்கெடுப்பு நடந்தது 1831-லும் 1841-லும். இடையில் வந்தவர்களில் பெரும்பாலானோர் இடையிலேயே அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

அவர்களைத் தேட எனக்குக் கைகொடுப்பவை தேவாலயப் பதிவேடுகள். 1813 முதல் இவை அச்சிட்ட படிவத்தில் இருக்கின்றன. ஞானஸ்நானப் பக்கத்தில் தந்தையின் தொழிலுக்குத் தனிக் கட்டம் உண்டு. அடக்கப் பக்கத்தில் பெயர், வசிப்பிடம், தேதி, வயது, சடங்கு நடத்தியவர் பெயர், அவ்வளவுதான். தொழில் கிடையாது. சுரங்கத்தில் செத்தவனா, காய்ச்சலில் போனவனா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்த வரிகளைப் படிக்கும்போது மனசு கனத்துப் போகும். 1837 ஜூலையில் அரசுப் பதிவு தொடங்கியபின் இறப்புச் சான்றில் தொழிலும் காரணமும் வருகின்றன. அதனால் கடைசி ஓராண்டுக்காவது விவரம் தேறும்.

ஊருக்குப் போனால் சுரங்கத்தின் காற்றுக் கோபுரங்களைக் கட்டாயம் பாருங்கள். பெரியவை இரண்டும் சுமார் 60 அடி விட்டம், வயல்வெளியில் கோட்டை மாதிரி நிற்கின்றன. இவ்வளவும் நடந்த ஊருக்குத் தன் பெயரில் ஸ்டேஷன் கிடைத்தது 1881-ல்தான், அதுவும் நார்த்தாம்ப்டன் வழியாகப் போன வேறொரு பாதையில்! ஆகவே கில்ஸ்பியை முதலில் மாற்றியது ரயில் அல்ல, சுரங்கம் வெட்ட வந்தவர்கள்தான் என்பது என் எண்ணம்.

இப்போது 1851 கணக்கெடுப்பில் இருக்கிறேன். 1841-இல் வசிக்கும் கவுண்டியிலேயே (நம் மாவட்டம் மாதிரி) பிறந்தவரா, இல்லையென்றால் ஸ்காட்லாந்து, அயர்லாந்து அல்லது வெளிநாட்டில் பிறந்தவரா என்று மட்டும்தான் கேட்டார்கள். 1851-இல் பிறந்த ஊரையே எழுதியிருக்கிறார்கள். பெற்றோர் தொலைதூரத்தில் பிறந்து, பதின்மூன்று பதினாலு வயதுப் பிள்ளை மட்டும் கில்ஸ்பியில் பிறந்திருந்தால், அந்தக் குடும்பத்தைக் குறித்துவைக்கிறேன். இப்படிப்பட்ட குடும்பங்கள் ரயில் சுரங்கம் வெட்டிய வேறு ஊர்களின் பக்கங்களில் உங்கள் கண்ணில் பட்டால் அவசியம் எழுதுங்கள்.