மானெக்‌ஷா குன்னூர்ல எப்படி வாழ்ந்தாரு?

கேள்வி: 1971 இந்தியா-பாகிஸ்தான் போர் பத்தி நிறைய படிச்சாச்சு, அப்ப ராணுவத் தளபதியா இருந்த ஃபீல்ட் மார்ஷல் மானெக்‌ஷா ரிட்டயர் ஆனப்புறம் குடும்பத்தோட எப்படி இருந்தாரு, தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

பதில் 1: 1973ல பொறுப்ப விட்டதும் குன்னூர்ல செட்டில் ஆயிட்டாரு, வீட்டுக்கு பேரு ஸ்டாவ்கா. மனைவி சில்லூ, ரெண்டு பொண்ணுங்க. குன்னூர் பக்கத்துல இருக்கற வெலிங்டன் ராணுவ ஸ்டாஃப் காலேஜ்ல கமாண்டண்ட்டா (தலைமை அதிகாரியா) இருந்தவரு, நீலகிரி ஒண்ணும் அவருக்கு புதுசில்ல.

பதில் 2: 1942ல பர்மால சித்தாங் பாலத்துக்கிட்ட வயித்துல மெஷின் கன் குண்டு பாஞ்சும் பொழச்சு, 94 வயசு வரைக்கும் இருந்தாருங்க! அன்னிக்கு அவர தூக்கிட்டு வந்து காப்பாத்துனது அவரோட ஆர்டர்லி (உதவிக்கு இருந்த சிப்பாய்) ஷேர் சிங், அவரயும் மறக்கக்கூடாது.

பதில் 3: 2001ல சில்லூ அம்மா போயிட்டாங்க, 2008 ஜூன் 27ல இவரும். ஊட்டி பார்சி கல்லறைல அவங்க பக்கத்துலயே அடக்கம். ஜனாதிபதி, பிரதமர் யாருமே வரல, எனக்கு அது இன்னும் ஆறவே இல்ல.