அறிமுகமானவர்களிடம் பேசி வேலை தேடுவது எப்படி? உங்கள் வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம். கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய நான், தரவுப் பகுப்பாய்வுத் துறைக்கு மாற விரும்பி நான்கு மாதங்களாக விண்ணப்பித்து வருகிறேன். பெரும்பாலான விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை.

நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த செய்திகள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவையாகவே இருப்பதால், எப்போதாவது சந்திக்கும் அறிமுகமானவர்களே புதிய வேலைவாய்ப்புகளை அறிய அதிகம் உதவுகிறார்கள் என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். இதைப் படித்த பிறகு, பல ஆண்டுகளாகத் தொடர்பில் இல்லாத முன்னாள் சக ஊழியர்கள் மூவரிடம் இருபது நிமிடம் பேச நேரம் கேட்டேன். இருவர் மனமுவந்து பேசினார்கள். அவர்களில் ஒருவர், என் தணிக்கை அனுபவத்தைத் தற்குறிப்பின் தொடக்கத்திலேயே எழுதும்படி கூறியது, நான் படித்த எந்த அறிவுரையையும்விடப் பயனுள்ளதாக இருந்தது.

ஆனால், துறையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நேரம் கேட்டுவிட்டு, பேச்சின் முடிவில் வேலை கேட்பது நம்பிக்கையைக் குலைப்பதாகும் என்று தோன்றியதால், இரண்டு முறையும் நன்றி மட்டும் சொல்லி முடித்துக்கொண்டேன். இத்தகைய உரையாடல்களின் வழியே வேலை பெற்றவர்கள், வேலை தேடுவதை எந்தக் கட்டத்தில், எந்தச் சொற்களில் தெரிவித்தீர்கள்? வேறொருவரை அறிமுகப்படுத்தும்படி முதல் சந்திப்பிலேயே கேட்கலாமா? பேசிய பிறகு எத்தனை நாள் இடைவெளியில் மீண்டும் தொடர்புகொண்டால் தொந்தரவாக இராது? பணிக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களின் கருத்தையும் பெரிதும் எதிர்பார்க்கிறேன்.