ஃப்ளட்டர்: லோகோ சேர்த்ததும் பப்ஸ்பெக் பிழை, அதைத் தாண்டினால் கிரேடில் பிழை. எந்தக் கோப்பிலிருந்து தொடங்குவது?

செலவுச்சிட்டை (கேள்வி)

வணக்கம். கல்லூரி மினி பிராஜெக்டுக்காக வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் சின்ன ஆப் ஒன்றை ஃப்ளட்டரில் (ஆப் செய்வதற்கான கூகுளின் கருவித்தொகுப்பு) செய்கிறேன். விண்டோஸ் 11, விஎஸ் கோட், ஃப்ளட்டர் 3.29. அடித்தளமாக எடுத்துக்கொண்டது 2022இல் கிட்ஹப்பில் யாரோ போட்டுவைத்த ஸ்டார்ட்டர் பிராஜெக்ட். இப்போதைய நிலவரம்:

லோகோவுக்காக பப்ஸ்பெக்.யாமல் என்ற பிராஜெக்ட் அமைப்புக் கோப்பில் அசெட்ஸ் (ஆப்போடு சேரும் படம் போன்ற கோப்புகள்) வரிகளுக்கு முன்னால் இருந்த # குறியை எடுத்தேன். உடனே "எரர் ஆன் லைன் 41, காலம் 4: எக்ஸ்பெக்டட் எ கீ வைல் பார்சிங் எ பிளாக் மேப்பிங்" என்று வந்தது. அந்த வரியை இடது ஓரத்துக்கே இழுத்துவிட்டதும் பப் கெட் பிழையில்லாமல் ஓடியது. ஆனால் ஆப்பில் "அனேபிள் டு லோட் அசெட்".

இதற்கிடையில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை அப்டேட் செய்தேன். இப்போது பில்ட் தொடங்கும்போதே "அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65" என்று நின்றுவிடுகிறது. ஃப்ளட்டர் கிளீன் கொடுத்தும் பயனில்லை. நான் எழுதுவது ஃப்ளட்டரின் மொழியான டார்ட் மட்டும்தான், ஜாவா எங்கிருந்து வருகிறது? எந்தக் கோப்பை முதலில் திருத்த வேண்டும்?

---

இரண்டு_இடைவெளி

இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. பப்ஸ்பெக்கைப் படிப்பது பப், அதாவது ஃப்ளட்டரின் பேக்கேஜ் கருவி. ஆண்ட்ராய்டு ஃபோல்டரில் இருப்பவற்றைப் படிப்பது கிரேடில், அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பைக் கட்டும் கருவி. ஒன்றைத் திருத்தினால் மற்றது சரியாகாது. பப்ஸ்பெக் பகுதியை நான் சொல்கிறேன்.

பிழைச் செய்தியில் "காலம் 4" என்று இருக்கிறதே, விடை அதிலேயே இருக்கிறது. வரியின் முதல் எழுத்து நான்காவது இடத்தில் நிற்கிறது, அதாவது முன்னால் 3 இடைவெளி. அதற்கு மேலே உள்ள யூசஸ்-மெட்டீரியல்-டிசைன் வரிக்கு முன்னால் 2 இடைவெளிதான். ஒரே தாய்க்குக் கீழே வரும் வரிகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்பது யாமலின் (பப்ஸ்பெக் எழுதப்படும் வடிவம்) விதி. 2 உள்ள வரிசையில் திடீரென்று 3 வந்தால் அது எதற்குக் கீழே வருகிறது என்று கோப்பைப் படிக்கும் பார்சருக்குத் தெரியாது, அங்கேயே நின்றுவிடும்.

அந்த மூன்றாவது இடைவெளி வந்த வழி: ஃப்ளட்டர் தரும் மாதிரிக் கோப்பில் அந்த வரி 2 இடைவெளி, #, மறுபடி 1 இடைவெளி, அப்புறம் அசெட்ஸ் என்று இருக்கும். # ஐ மட்டும் பேக்ஸ்பேஸில் அழித்தால் 2+1 = 3. கையால் அழிக்காமல் வரிகளைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலும் / விசையும் சேர்த்து அழுத்துங்கள். விஎஸ் கோட் # ஐயும் அதை ஒட்டிய ஒரு இடைவெளியையும் சேர்த்தே எடுத்துவிடும்.

இடது ஓரத்துக்கு இழுத்தபோது பிழை மறைந்ததும் அதே காரணத்தால்தான். இப்போது அசெட்ஸ் என்பது ஃப்ளட்டர் என்ற பகுதிக்கு உள்ளே இல்லை, வெளியே தனிப் பகுதியாக நிற்கிறது. யாமலாக அது சரி. தனக்குத் தெரியாத வெளிப் பகுதியைக் கண்டால் பப் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆக படம் ஆப்புக்குள் போகவே இல்லை. பிழை வந்து நிற்பதைவிட இது மோசம், ஏனென்றால் கோப்பு சரியாக இருப்பதுபோலத் தெரியும்.

இருக்க வேண்டிய அமைப்பு இது. ஆங்கிலத்தில் தட்டும்போதும் இடைவெளிக் கணக்கு இதேதான்:

```
ஃப்ளட்டர்:
  யூசஸ்-மெட்டீரியல்-டிசைன்: ட்ரூ
  அசெட்ஸ்:
    - அசெட்ஸ்/இமேஜஸ்/
```

0, 2, 2, 4. கடைசி வரியில் உள்ள - குறிக்குப் பின்னால் ஒரு இடைவெளி கட்டாயம். டேப் விசையின் எழுத்து உள்ளே வரக் கூடாது, யாமல் அதை உள்தள்ளலாக ஏற்காது. விஎஸ் கோடின் கீழ்ப்பட்டையில் "ஸ்பேசஸ்: 2" என்று இருக்கிறதா பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில. கோப்பில் "ஃப்ளட்டர்:" என்று இரண்டு இடத்தில் வரும். மேலே டிபெண்டன்சிஸுக்குள் இருப்பது, அதன் கீழே "எஸ்டிகே: ஃப்ளட்டர்" என்று இருக்கும். அசெட்ஸ் அங்கே போகக் கூடாது, கடைசியில் ஓரத்தில் தொடங்குவதன் கீழேதான். ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் முடிவில் / வேண்டும். அப்படிக் கொடுத்தாலும் அந்த ஃபோல்டரில் நேரடியாக இருக்கும் கோப்புகள்தான் சேரும். இமேஜஸுக்குள் ஐகான்ஸ் என்று இன்னொரு ஃபோல்டர் வைத்திருந்தால் அதற்குத் தனி வரி எழுத வேண்டும். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கோப்பில் உள்ளபடியே இருக்கட்டும். விண்டோஸ் கண்டுகொள்ளாது, போனில் ஓடும்போது கண்டுகொள்ளும்.

திருத்தியபின் ஆப்பை முழுதாக நிறுத்திவிட்டு மறுபடி ரன் கொடுங்கள். ஆப்பை நிறுத்தாமலே மாற்றத்தை ஏற்றும் ஹாட் ரீலோடை நம்ப வேண்டாம்.

---

கிரேடில்_காவல்

65 என்பது ஜாவா 21. அந்த எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு கிடைக்கும்: 61 என்றால் 17, 55 என்றால் 11, 52 என்றால் 8.

உங்கள் டார்ட் கோடுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏபிகேயை (ஆண்ட்ராய்டு போனில் நிறுவும் கோப்பு) கட்டுவது கிரேடில், அது ஓடுவது ஜாவாவின் மேல். தனியாக ஏதும் சொல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுடன் வரும் ஜாவாவையே ஃப்ளட்டர் எடுத்துக்கொள்ளும். லேடிபக் பதிப்பிலிருந்து ஸ்டுடியோவுடன் வருவது ஜாவா 21. உங்கள் ஸ்டார்ட்டர் 2022ஐச் சேர்ந்தது என்பதால் அதில் கிரேடில் 7இன் ஏதோ ஒரு பதிப்பு இருக்கும். ஜாவா 21இல் ஓட கிரேடில் 8.5 ஆவது வேண்டும். கிளீன் கொடுத்தால் பழைய பில்ட் ஃபோல்டர் அழியுமே தவிர இந்தப் பொருத்தம் மாறாது.

முதலில் ஊகிக்காமல் பாருங்கள். "ஃப்ளட்டர் டாக்டர் -வி" கொடுத்தால் ஆண்ட்ராய்டு டூல்செயின் பகுதியில் எந்த ஜாவா, எந்தப் பாதையில் என்று காட்டும். கிரேடில் பதிப்பு ஆண்ட்ராய்டு > கிரேடில் > ராப்பர் ஃபோல்டரில் உள்ள கிரேடில்-ராப்பர்.ப்ராபர்ட்டீஸ் கோப்பில், டிஸ்ட்ரிப்யூஷன்யூஆர்எல் வரியின் கடைசியில் இருக்கும். இரண்டும் பொருந்துகிறதா என்று "ஃப்ளட்டர் அனலைஸ் --சஜெஷன்ஸ்" சொல்லிவிடும்.

எளிய வழி: ஜேடிகே 17ஐ (ஜாவா 17இன் நிறுவல் தொகுப்பு) நிறுவி, "ஃப்ளட்டர் கான்ஃபிக் --ஜேடிகே-டிர்=" என்பதன் பின் அதன் பாதையைக் கொடுங்கள். பாதையில் ஸ்பேஸ் இருந்தால் மேற்கோள் குறிக்குள். உள்ளே "பின்" (bin) என்ற பெயரில் இருக்கும் ஃபோல்டரைக் கொடுக்கக் கூடாது, அதற்கு ஒரு படி மேலே உள்ளதைக் கொடுக்க வேண்டும். கிரேடில் 7.3 முதலே ஜாவா 17இல் ஓடும்.

இன்னொரு வழி கிரேடிலை உயர்த்துவது. அதைத் தனியாக உயர்த்த முடியாது, ஆண்ட்ராய்டு ஆப்பைக் கட்ட கிரேடிலோடு சேரும் இணைப்பான ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகினையும் சேர்த்து உயர்த்த வேண்டும். ப்ளகின் 8.2க்கு கிரேடில் 8.2, 8.3க்கு 8.4, 8.4க்கு 8.6, 8.5க்கு 8.7 குறைந்தபட்சம். ஜாவா 21 வைத்துக்கொண்டு ப்ளகின் 8.2.1க்குக் கீழே இருந்தால் ஜேலிங்க் என்று வேறொரு பிழையில் போய் முட்டும்.

---

நெசவுக்கூடம்

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனா இந்த பிராஜெக்டுக்கு ஜேடிகே 17 வழி போதாதுன்னு நினைக்கிறேன். 2022 ஸ்டார்ட்டர்ல ஆப் ஃபோல்டர்ல இருக்குற பில்ட்.கிரேடில் கோப்புல "அப்ளை ஃப்ரம்"னு ஆரம்பிச்சு ஃப்ளட்டர்.கிரேடிலை இழுக்கிற வரி இருக்கும். அந்த முறையை 3.29 ஏத்துக்காது, ப்ளகின்ஸ் பிளாக்லதான் எழுதணும்னு சொல்லி நிறுத்திடும். ஜாவாவைத் தாண்டினா இது நிக்கும். இதையும் தாண்டினா, ப்ளகினை 8க்கு உயர்த்தினதும் "நேம்ஸ்பேஸ் நாட் ஸ்பெசிஃபைட்". ஒவ்வொண்ணா ஒட்டுப்போடுறதுக்கு பதிலா ஆண்ட்ராய்டு ஃபோல்டரையே புதுசா உருவாக்கிக்கிறது நல்லது. உங்க கோடு எல்லாம் லிப் ஃபோல்டர்லதான் இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகாது.

1. இப்ப இருக்குறபடியே கிட்ல ஒரு கமிட் போட்டுக்கோங்க.
2. பழைய பில்ட்.கிரேடில்ல அப்ளிகேஷன்ஐடி (ஆப்போட தனி அடையாளப் பேரு) என்னன்னு எழுதி வச்சுக்கோங்க.
3. ஆண்ட்ராய்டு ஃபோல்டரை பிராஜெக்டுக்கு வெளிய நகர்த்துங்க. அழிக்க வேணாம்.
4. பிராஜெக்ட் ஃபோல்டர்ல நின்னு "ஃப்ளட்டர் கிரியேட் --ப்ளாட்ஃபார்ம்ஸ்=ஆண்ட்ராய்டு --ஆர்க்" கொடுத்து, பழைய ஐடியோட கடைசிப் பகுதியை விட்டுட்டு மிச்சத்தை எழுதி, முடிவுல ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் "இதே ஃபோல்டர்ல"ன்னு அர்த்தம், விட்டுடாதீங்க.
5. பழைய மேனிஃபெஸ்ட்ல (ஆப்போட பேரு, பர்மிஷன் எல்லாம் எழுதியிருக்கிற கோப்பு) நீங்க சேர்த்த பர்மிஷன், ஆப் பேரு, ரெஸ் ஃபோல்டர்ல இருக்குற ஐகான் இதை மட்டும் எடுத்து வைங்க. பழைய கிரேடில் கோப்பை மேல ஒட்டிடாதீங்க, செஞ்ச வேலை வீணாயிடும்.

இப்படி வர்றதுல கிரேடில், ப்ளகின், நேம்ஸ்பேஸ் மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தியே வரும். ஜாவா 21ஐ மாத்தவும் வேணாம்.

---

செலவுச்சிட்டை

நன்றி, மூவருக்கும். லோகோ வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு ஃபோல்டரையும் புதிதாக உருவாக்கியாயிற்று, ஆப் ஓடுகிறது. அடுத்ததாக லாகினுக்கு பயர்பேஸ் ஆத் (கூகுளின் லாகின் சேவை) சேர்த்தேன். "மின்எஸ்டிகேவெர்ஷன் 21 கேனாட் பி ஸ்மாலர் தேன் வெர்ஷன் 23" என்றது. இணையத்தில் பார்த்தபடி "மின்எஸ்டிகேவெர்ஷன் 23" என்று ஒரு வரி போட்டால் அந்த வரியிலேயே சிவப்புக் கோடு. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் "ஃபைல் கூகுள்-சர்வீசஸ்.ஜேசன் இஸ் மிஸ்ஸிங்". ஆனால் கோப்பை ஆண்ட்ராய்டு ஃபோல்டரில்தான் வைத்திருக்கிறேன்.

---

கிரேடில்_காவல்

சிவப்புக் கோட்டுக்குக் காரணம் மொழி. 3.29 உருவாக்கித் தரும் கோப்பின் பெயர் பில்ட்.கிரேடில்.கேடிஎஸ், அது காட்லினில் எழுதப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய விடைகள் க்ரூவி என்ற வேறு மொழிக்கானவை. காட்லினில் சமக்குறி கட்டாயம், சரங்களுக்கு இரட்டை மேற்கோள் கட்டாயம். டிஃபால்ட்கான்ஃபிக் பிளாக்குக்குள் "மின்எஸ்டிகே = ஃப்ளட்டர்.மின்எஸ்டிகேவெர்ஷன்" என்று ஏற்கெனவே ஒரு வரி இருக்கும். புதிதாக எதுவும் சேர்க்காமல் அதையே "மின்எஸ்டிகே = 23" ஆக்குங்கள். 23 என்பது ஆண்ட்ராய்டு 6.0, அதற்குக் கீழுள்ள போன்களில் இனி ஆப் நிறுவாது. பிழைச் செய்தியின் பிற்பகுதியில் ஓவர்ரைட்லைப்ரரி என்று ஒரு மாற்றுவழியும் சொல்லியிருக்கும். அதைத் தொட வேண்டாம். பில்ட் ஆகும், பழைய போனில் திறந்ததும் விழுந்துவிடும்.

ஜேசன் கோப்பு இருக்க வேண்டிய இடம் ஆண்ட்ராய்டுக்குள் இருக்கும் ஆப் ஃபோல்டர், பில்ட்.கிரேடில்.கேடிஎஸ்ஸுக்குப் பக்கத்தில். இடம் மாற்றியபின்னும் "மிஸ்ஸிங்" என்றால் பெயரைப் பாருங்கள். இரண்டாம் முறை டவுன்லோட் செய்தால் பிரவுசர் பெயரோடு (1) சேர்த்துவிடும். விண்டோஸில் எக்ஸ்டென்ஷன் மறைந்திருந்தால் பெயர் மாற்றும்போது .ஜேசன்.ஜேசன் ஆகிவிடவும் வாய்ப்பு உண்டு. எக்ஸ்ப்ளோரரில் வியூ > ஷோ > ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் போட்டுவிட்டுப் பாருங்கள்.

---

இரண்டு_இடைவெளி

அதைத் தாண்டியதும் "நோ மேச்சிங் கிளையண்ட் ஃபவுண்ட் ஃபார் பேக்கேஜ் நேம்" வந்தால்: ஜேசன் கோப்பைத் திறந்து பேக்கேஜ்_நேம் என்று தேடுங்கள். அங்கே உள்ளதும் கேடிஎஸ் கோப்பில் உள்ள அப்ளிகேஷன்ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஆர்க் கொடுக்காமல் கிரியேட் செய்திருந்தால் ஐடி காம்.எக்ஸாம்பிள் என்று தொடங்கும், பயர்பேஸில் பதிந்தது வேறாக இருக்கும். ஜேசனைக் கையால் திருத்தாதீர்கள், அதில் உள்ள மற்ற ஐடிகள் பயர்பேஸ் பக்கத்தில் பதிந்த ஆப்புக்குரியவை. ஐடியை மாற்றுங்கள், இல்லையென்றால் பயர்பேஸ் கன்சோலில் புதிய ஐடியோடு ஓர் ஆண்ட்ராய்டு ஆப்பைச் சேர்த்து அதன் கோப்பை எடுத்து வையுங்கள். நேம்ஸ்பேஸ் வேறு, அப்ளிகேஷன்ஐடி வேறு. பயர்பேஸ் பார்ப்பது இரண்டாவதைத்தான்.

---

நெசவுக்கூடம்

லாகின் வச்சதால இதையும் இப்பவே பார்த்துடுங்க. இன்டர்நெட் பர்மிஷன் வரியை ஃப்ளட்டர் டீபக், ப்ரொஃபைல் ரெண்டு ஃபோல்டர்ல இருக்குற மேனிஃபெஸ்ட்லதான் போட்டுத் தரும். மெயின் ஃபோல்டர்ல இருக்காது. சில பேக்கேஜ் தானா கொண்டுவந்துடும், ஆனா அதை நம்பி விட வேணாம். கேபிள் போட்டு ஓட்டும்போது எல்லாம் சரியா இருக்கும், ரிலீஸ் ஏபிகேயை எடுத்து ப்ராஜெக்ட் கைடு போன்ல போட்டா நெட் கனெக்ஷனே இல்லாத மாதிரி நிக்கும். ஆப் > எஸ்ஆர்சி > மெயின்ல இருக்குற ஆண்ட்ராய்டுமேனிஃபெஸ்ட்.எக்ஸ்எம்எல்ல, அப்ளிகேஷன் டேகுக்கு மேல, மேனிஃபெஸ்ட் டேகுக்குள்ள அந்த யூசஸ்-பர்மிஷன் வரியைப் போடுங்க. அப்புறம் "ஃப்ளட்டர் பில்ட் ஏபிகே --ரிலீஸ்" கொடுத்து, டீபக் ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு அந்த ஏபிகேயை நிறுவி ஒருமுறை லாகின் பண்ணிப் பாருங்க.