கன்னி தோன்றி மறைய வலைத்துணி தேவை

மதுரை நண்பர்களுக்கு வணக்கம். ஏழு கன்னிமாரில் இளையவள் கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்பாய்ச்சிமேல் காதல் கொள்ளும் கதையை எங்கள் இளையோர் நாடகக் குழு மேடையேற்றுகிறது. கன்னி நடந்து வரக்கூடாது, நின்ற இடத்திலேயே தோன்றி மறைய வேண்டும்.

அதற்கு 20 அடி அகலம், 12 அடி உயரத்தில் நடுவே தையலே இல்லாத வலைத்துணி வேண்டும். முன்விளக்கு மட்டும் எரிந்தால் துணி சுவர்போல மறைக்கும். அதை அணைத்து, பின்னால் நிற்பவர்மேல் விளக்கடித்தால் அவர் தெரிவார். தையல் இருந்தால் ஒளியில் கோடு விழுந்து மாயமே கெட்டுவிடும். முன்விளக்கை நேராக வைத்தாலும் கெடும், வலையின் கண்ணி வழியே ஒளி உள்ளே போய் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதனால் முன்விளக்கான பார் லைட்டை (PAR, மேடை விளக்கு) உயரத்தில், துணியை ஒட்டிச் சாய்வாகக் கட்டுகிறோம். பின்னால் கறுப்புப் படுதா.

வெள்ளைக் கொசுவலை கூசும். நைலான் என்றால் பருத்திச் சாயமும் பிடிக்காது. சாம்பல் நிறமே நல்லது. விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் இந்த அகலத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்? வாடகைக்குத் தருவோர் இருந்தாலும் சொல்லுங்கள்.

கன்னி வரும்போது உறுமி மேளம் மட்டும்தான் ஒலிக்கும். ஒத்திகைக்கும் வந்து வாசிக்கக்கூடிய கலைஞர் தேவை, சம்பளம் உண்டு. திறந்தவெளி மேடை, இரவுப் பனியில் தோல் தொய்ந்தால் காய்ச்ச இடம் ஒதுக்கியிருக்கிறோம்.