கடலோடிகளின் பேச்சுக்குத் தனி விக்கி வேண்டுமா?

பாய்மரம்:
கடலூர்க் கரையில் தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் ஓராண்டாகக் கடலோடிகளிடம் எடுத்த 43 ஒலிப்பதிவுகள் எங்கள் குழுவிடம் இருக்கின்றன. கச்சான், கொண்டல், சோழகம், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பவர்களின் பேச்சு. விக்கிப்பீடியாவில் இதை எழுத வழியில்லை. ஏற்கெனவே வெளியான சான்று வேண்டும், சொந்த ஆய்வு கூடாது என்பது அங்கே அடிப்படை விதி. அதை நான் குறை சொல்லவில்லை. கலைக்களஞ்சியத்துக்கு அது வேண்டும். ஆனால் பெரியவர் ஒருவர் கட்டுமரத்தில் கற்றதற்கு எந்தப் புத்தகத்தைக் காட்டுவது? விக்கிப்பீடியாபோலப் பலரும் சேர்ந்து எழுதும் தளமாக, நமக்கென்று தனி விக்கி தொடங்கிவிடலாம் என்கிறேன்.

மஞ்சக்குப்பம் வாசகி:
வேண்டாம் தம்பி. தளம் தொடங்க ஒரு மாலைப்பொழுது போதும். உங்கள் குழுவில் எட்டுப் பேர். உட்கார்ந்து எழுதுவது இருவர். மூன்றாம் ஆண்டு சர்வர் கட்டணத்தை யார் கட்டுவார்? குப்பை விளம்பரங்களை யார் துடைப்பார்? 2002-இல் எசுப்பானிய விக்கிப்பீடியர்கள் பலர், விளம்பரம் வந்துவிடும் என்று அஞ்சிப் பிரிந்து தனிக் கலைக்களஞ்சியம் கண்டார்கள். சில காலம் அதுவே பெரியதாகவும் இருந்தது. பிறகு அது தேங்கியது. அவர்கள் விட்டுப்போன வீடு வளர்ந்தது.

பாய்மரம்:
அக்கா, அவர்கள் பிரிந்தது அதே வேலையைச் செய்ய. நான் கேட்பது வேறு வேலைக்கு வேறு இடம். சொற்களுக்கு 2002-இல் விக்சனரியும், மூலநூல்களுக்கு 2003-இல் விக்கிமூலமும் வந்தது இப்படித்தானே? கலைக்களஞ்சியத்தில் அடங்காதவை என்று தெரிந்தபின் அவற்றுக்கு வீடு கட்டினார்கள்.

வில்லியனூர்க்காரன்:
விக்கிமூலத்தையே பாருங்கள். எல்லா மொழி நூல்களும் முதலில் ஒரே தளத்தில் இருந்தன. பல மொழிகள் தனித்தனியாகப் பிரிந்தது 2005-இல். இன்றும் புதிய மொழி விக்கி கேட்டால் அடைகாப்பகம் என்ற சோதனைத் தளத்தில் வைத்து, தொடர்ந்து உழைக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தனி முகவரி. சொற்களை விக்சனரியில் சேருங்கள், குரல்களை, படமும் ஒலியும் சேர்த்துவைக்கும் பொதுவகத்தில் ஏற்றுங்கள். ஆறு மாதம் போகட்டும்.

பாய்மரம்:
பொதுவகம் என்றதும்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அங்கே ஏற்றியதை யாரும் எடுத்து விற்கலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. பதினொரு பதிவுகளில் கடலுக்கடியில் பார், அதாவது பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது என்று சொல்கிறார்கள். கரையில் எந்தப் பனையும் எந்தக் கோபுரமும் ஒரே கோட்டில் வந்தால் வலையை இறக்கலாம் என்பது, ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகக் காத்துவரும் சொத்து. நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்கட்டும் என்றுதான் அவர் வாய் திறந்தார். உலகத்துக்கே எழுதிக்கொடுக்க நான் யார்?

மஞ்சக்குப்பம் வாசகி:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதினொன்றும் எந்த விக்கியிலும் ஏறக் கூடாது, நீங்கள் தொடங்கப்போகும் விக்கி உட்பட. யாரும் திறந்து பார்க்கும் இடத்தில் வைத்தால் பார் பறிபோனதுதான். மற்றவற்றைப் பற்றி ஒன்று சொல்கிறேன். என் மாமனார் தெருக்கூத்துப் பாட்டுகளைப் பதிந்த ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. 2011 டிசம்பரில் தானே புயல் கூரையைத் தூக்கிய இரவில் அத்தனையும் நனைந்தன. வேறெங்கும் படி இல்லை. தனித் தளம் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிதான் தெரிகிறது.

பாய்மரம்:
பதினொன்றை எடுத்து வைத்துவிட்டேன் அக்கா. ஆனால் மீதி 32? 'வாடை' என்ற சொல் ஒரு தளத்தில், சொன்ன குரல் இன்னொரு தளத்தில், வாடைக் காலத்தில் எந்த வலை, எந்த மீன் என்ற கதை எங்குமே இல்லை. அறுத்துப் பங்கு போட்ட பிறகு அது அவர் பேச்சாக இருக்குமா?

வில்லியனூர்க்காரன்:
நியாயமான கேள்விதான். இருந்தாலும் பயண வழிகாட்டியான விக்கிப்பயணம் 2013-இல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அமைப்பின் திட்டமாக நிலைத்தது, வேறு தளத்தில் எழுதிப் பழகிய கூட்டம் ஒன்றாக நகர்ந்து வந்ததால். உங்களுக்கு அந்தக் கூட்டம் இன்னும் சேரவில்லை. ஐந்து பேராவது நிலையாக எழுதட்டும், நானே ஆதரவுக் கையெழுத்துப் போடுகிறேன்.

பாய்மரம்:
ஞாயிறு காலை சிங்காரத்தோப்புக்குப் போகிறேன். 32 பேச்சுகளையும் சொன்னவர்களுக்கே போட்டுக் காட்டி, உரிமம் என்றால் என்ன என்று விளக்கி, மறுபடி அனுமதி கேட்க வேண்டும். எழுத வருகிறார்களா என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கேட்பேன். அக்கா, வருகிறீர்களா?

மஞ்சக்குப்பம் வாசகி:
வருகிறேன். படகுகள் கரையேறும் நேரத்தைச் சொல்லுங்கள். தளம் வேண்டாம் என்பதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை.